ஊர்க்கோயில் கல்லறைத் தோட்டத்தின் வரலாற்றை எழுதுவது எப்படி? பெங்களூரு சுற்றுவட்டாரத் தமிழர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

கல்லறைத் தோட்டத்துக்கு வரலாறு எழுதப் புறப்படுகிறவர்கள் பெரும்பாலும் முதலில் செய்வது, ஞாயிறு பூசை முடிந்ததும் போனை எடுத்துக்கொண்டு போய்ப் பெரிய சமாதிகளைப் படம் பிடிப்பது. பளிங்குக் கல், அதில் இங்கிலீஷ் எழுத்து, யாரோ ஒரு வெள்ளைக்காரப் பாதிரியார். அதில் தப்பில்லை. ஆனால் ஆனேக்கல், சர்ஜாபுரா, தேவனஹள்ளி, கனகபுரா பக்கத்துக் கிராமக் கோயில்களில் அடக்கமானவர்கள் பலருக்குக் கல்லே கிடையாது. ஒரு மண்மேடு, ஒரு மரச்சிலுவை, நாலு மழைக்காலம். அப்புறம் மேடும் இல்லை, சிலுவையும் இல்லை. கல்லிலிருந்து தொடங்கினால் கல் வைக்கக் காசு இருந்தவர்களின் வரலாறுதான் கையில் வரும். அதனால் இங்கே புத்தகமும் ஆட்களும் முன்னால் வருகிறார்கள், கல் பின்னால் வருகிறது.

தோட்டம் எந்த நிர்வாகத்தின் கீழ் இருந்தது என்று முதலில் பாருங்கள்

இது சலிப்பான வேலைதான். ஆனால் இதைச் செய்யாமல் விட்டால் பின்னால் ஆவணம் தேடித் தவறான வாசலில் நிற்க வேண்டிவரும்.

கத்தோலிக்கக் கோயில் என்றால் கதை இப்படிப் போகிறது. மைசூர் நாட்டில் சேசு சபையினர் 17ஆம் நூற்றாண்டின் நடுவிலேயே ஸ்ரீரங்கப்பட்டணத்தில் வேலை தொடங்கிவிட்டார்கள். 1773இல் அந்தச் சபை கலைக்கப்பட்டது. பிறகு பாரிஸ் அந்நிய வேதபோதக சபைக் குருக்கள் வந்தார்கள். திப்பு 1799இல் வீழ்ந்தபின் இந்தப் பகுதியில் சிதறிக்கிடந்த கிறிஸ்தவர்களைத் திரும்பச் சேர்க்க வந்த ஆபே துபுவா அந்த வரிசையில் வந்தவர்தான். மைசூர் தனி மறைவட்டப் பொறுப்பாக ஆனது 1850இல். 1886இல் மறைமாவட்டம். பெங்களூர் அதிலிருந்து பிரிந்து தனி மறைமாவட்டம் ஆனது 1940இல்தான். இதை வைத்து ஒரு கணக்குப் போடலாம். 1940க்கு முந்திய கடிதப் போக்குவரத்தை மைசூரில் கேட்க வேண்டும், 1850க்கு முந்தியதைப் புதுச்சேரியில் கேட்க வேண்டும். பெங்களூர்ப் பேராயர் இல்லத்துக்குப் போய் 1830ஆம் வருஷத்துத் தாளைக் கேட்டால் அவர்கள் என்ன செய்வார்கள், பாவம்.

சி.எஸ்.ஐ. கோயில் என்றால், தென்னிந்தியத் திருச்சபை உருவானதே 1947 செப்டம்பர் 27இல். அதற்கு முன் அந்தக் கோயில் ஆங்கிலிக்கன் சபையாக இருந்ததா, லண்டன் மிஷனா, வெஸ்லியன் மிஷனா என்று தெரிந்துகொள்ளுங்கள். ஒவ்வொன்றின் தாள்களும் ஒவ்வொரு திசைக்குப் போயிருக்கின்றன. லண்டன் மிஷன், வெஸ்லியன் மிஷன் இரண்டின் காகிதங்களும் லண்டனில் சோவாஸ் பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கின்றன. உள்ளூரில் தேட மில்லர்ஸ் சாலை யுனைடெட் தியாலாஜிகல் காலேஜின் ஆவணக் காப்பகம் நல்ல இடம்.

இன்னொரு பிரிவும் உண்டு, நம்மவர்கள் அடிக்கடி மறந்துபோவது. 1809இல் பிரிட்டிஷ் படை ஸ்ரீரங்கப்பட்டணத்திலிருந்து பெங்களூருக்கு வந்து தண்டு, அதாவது கன்டோன்மென்ட், உருவானது. மதராஸ் படையோடு தமிழர்களும் வந்தார்கள்: சிப்பாய், பட்லர், ஆயா, சமையல்காரர், கொத்தனார், கடைக்காரர் என்று. 1881இல் மைசூர் அரசை உடையார்களிடம் திருப்பிக் கொடுத்தபோது தண்டுப் பகுதியை மட்டும் பிரிட்டிஷார் தங்கள் கையில் வைத்துக்கொண்டார்கள். 1947 வரை அது தனி நிர்வாகம். சிவாஜிநகர், உல்சூர் எல்லாம் ஒரு அரசாங்கம். அதைத் தாண்டி ஆனேக்கல் பக்கம் போனால் மைசூர் அரசாங்கம். உங்கள் தோட்டம் எந்தப் பக்கம் என்பதைப் பொறுத்து நிலத் தாள்கள் மாறும்.

இறந்தோர் பதிவேடு: வேலையில் பாதி இங்கேதான்

பங்குக் கோயில் ஒவ்வொன்றும் இறந்தோர் பதிவேடு வைத்திருக்க வேண்டும் என்பது திருச்சபைச் சட்டம். 1614ஆம் ஆண்டு ரோமைச் சடங்கு நூலிலேயே அந்த விதி வந்துவிட்டது; இப்போதைய 1983 சட்டத் தொகுப்பிலும் இருக்கிறது. கிராமத்துக் கோயில் வெகுகாலம் வேறொரு பங்கின் கிளையாக இருந்திருந்தால் பழைய பதிவுகள் தாய்ப்பங்கின் புத்தகத்தில் இருக்கும். அங்கே போய்ப் பாருங்கள்.

பாதரிடம் வாயால் கேட்பதோடு நிறுத்தாமல் எழுத்தில் கேளுங்கள். எதற்காகப் படிக்கிறீர்கள், படம் எடுப்பீர்களா, எடுத்த படம் யாரிடம் இருக்கும், எந்த ஆண்டுவரை வெளியிடுவீர்கள் என்று ஒரு பக்கத்தில் எழுதி, பங்குப் பேரவைக்கும் ஒரு நகல் கொடுத்துவிடுங்கள். சி.எஸ்.ஐ.யில் ஐயரிடமும் (சபைப் போதகர்) சபைக் கமிட்டியிடமும். குருக்கள் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாறுவார்கள். இன்று சரி சொன்னவர் நாளை வேறு ஊரில் இருப்பார். கையெழுத்து இருந்தால் புதியவரிடம் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டாம்.

புத்தகம் கைக்கு வந்ததும் ஜன்னல் வெளிச்சத்தில் மேசைமேல் வையுங்கள். ஃபிளாஷ் வேண்டாம், பேனா வேண்டாம், பென்சில் மட்டும். ஜெராக்ஸ் இயந்திரத்தில் கவிழ்த்து அழுத்தினால் பழைய தையல் பிரிந்துவிடும். கிழிந்த பக்கத்துக்கு செலோடேப் ஒட்டிக் கொடுத்து உபகாரம் செய்கிறவர்கள் உண்டு. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள், அந்தப் பசை நாலைந்து வருஷத்தில் காகிதத்தைத் தின்றுவிடும். ஒரு பக்கத்துக்கு ஒரு படம். வெற்றுப் பக்கத்தையும் விடாமல் எடுங்கள். இடைவெளி எங்கே என்பதும் ஒரு தகவல்தான்.

பழைய கத்தோலிக்கப் பதிவுகள் லத்தீனில் இருக்கும், சில பிரெஞ்சில். பயப்பட வேண்டாம். நூற்றைம்பது வருஷத்துப் பதிவும் ஒரே அச்சில்தான் போகும்: இன்ன நாள், இன்னார் மகன் இன்னார், இன்ன ஊர், இறந்தார், என்னால் அடக்கம் செய்யப்பட்டார். 'ஓபியித்' என்றால் இறந்தார். 'செபுல்துஸ்' என்றால் அடக்கமான ஆண், 'செபுல்தா' என்றால் பெண். 'ஊக்ஸோர்' மனைவி, 'விதுவா' கைம்பெண், 'இன்ஃபான்ஸ்' குழந்தை. இந்த ஐந்தாறு சொல் போதும், முக்கால்வாசிப் பதிவைப் படித்துவிடலாம். அவஸ்தைப்பூசுதல் (சாகும் தறுவாயில் குரு எண்ணெய் பூசும் சடங்கு) பெற்றாரா என்பதையும் எழுதியிருப்பார்கள். 'எதுவும் பெறவில்லை, திடீர் மரணம்' என்று வந்தால் குறித்துக்கொள்ளுங்கள். வரிசையாக அப்படி வந்தால் ஊரில் ஏதோ நோய் நடந்திருக்கிறது.

மாதத்தில் ஒரு பொறி இருக்கிறது. '7' போட்டுப் பக்கத்தில் 'பிரிஸ்' என்று எழுதியிருந்தால் அது ஜூலை இல்லை, செப்டம்பர். லத்தீனில் செப்தெம் என்றால் ஏழு. அதே முறையில் 8 அக்டோபர், 9 நவம்பர், 10 டிசம்பர். இது தெரியாமல் தட்டச்சு செய்தால் ஒரு தொற்றுநோயே ரெண்டு மாதம் முன்னால் நகர்ந்துபோகும்.

பெயர்களுக்கு ஒரு பொருத்தப் பட்டியல் தயாரித்துக்கொள்ளுங்கள். புத்தகத்தில் 'பேத்ருஸ்' என்று இருப்பவர் ஊரில் இராயப்பன். 'பவுலுஸ்' சின்னப்பன், 'யோவான்னஸ்' அருளப்பன், 'யோசேபுஸ்' சூசை, 'சவேரியுஸ்' சவரிமுத்து, 'அலோய்சியுஸ்' ஞானப்பிரகாசம். ஒரே ஆள் ஞானஸ்நானப் புத்தகத்தில் ஒரு பெயரிலும், மரணப் புத்தகத்தில் இன்னொரு பெயரிலும், வாரிசுகளின் வாயில் மூன்றாவது பெயரிலும் இருப்பார். பிரெஞ்சுக் குருக்கள் 'உ' ஓசைக்கு ஓ, யூ என்ற ரெண்டு எழுத்தைச் சேர்த்து எழுதுவார்கள். அது தெரிந்தால் முத்து, அய்யாக்கண்ணு எல்லாம் பிடிபட்டுவிடும். கன்னடக் குடும்பங்களும் தெலுங்குக் குடும்பங்களும் கலந்த பங்குகளில் 'அப்பா', 'அம்மா' என்று முடியும் பெயர்களை அவசரப்பட்டுத் தமிழாக மாற்றிவிடாதீர்கள். எழுதியிருப்பது எப்படியோ அப்படியே ஒரு பத்தியில் பதியுங்கள். நீங்கள் கொள்ளும் பொருளைப் பக்கத்துப் பத்தியில் போடுங்கள்.

தட்டச்சுக்குச் சாதாரண எக்செல் போதும். தொடர் எண், புத்தகப் பக்கம், பெயர், தகப்பன் அல்லது கணவர் பெயர், வயது, ஊர், தொழில், இறந்த நாள், அடக்க நாள், குருவின் கையெழுத்து, குறிப்பு. வயதை நம்பித் துல்லியமான கணக்குப் போட வேண்டாம். அறுபது, எழுபது, எண்பது என்று முழு எண்ணாகவே வந்து விழும். ஐம்பத்தேழில் இறந்தவர் யாருமே இல்லாத ஊர் உலகத்தில் இருக்க முடியாது.

பெரியவர்களிடம் கேட்பது

புத்தகம் சொல்லாத ஒரே விஷயம் எந்த இடத்தில் என்பது. அது ஆட்களிடம்தான் இருக்கிறது. முதலில் குழிவெட்டுகிறவரைப் பாருங்கள். அவர்தான் மண்ணுக்குள் பார்த்தவர். எங்கே பாறை, எங்கே தோண்டினால் பழைய எலும்பு வரும், எந்த மூலையைத் தோண்டக்கூடாது என்று அவருக்குத் தெரியும். அவருடைய அப்பாவும் இதே வேலை பார்த்திருந்தால் நூறு வருஷத்துச் செய்தி கிடைக்கும். அடுத்து கோயில்பிள்ளை, பழைய உபதேசியார் வீட்டுப் பிள்ளைகள், பிறகு ஊரிலேயே மூத்த பாட்டிகள்.

பாட்டிகளிடம் 'இந்தத் தோட்டத்தின் வரலாறு என்ன' என்று கேட்டால் ஒன்றும் வராது. 'பாட்டி, உங்க மாமியாரை எங்க அடக்கம் பண்ணினாங்க? அன்னிக்கு யார் யார் வந்தாங்க?' என்று கேளுங்கள். அங்கே கூட்டிப் போகச் சொல்லுங்கள். நடக்கும்போது ஞாபகம் தானாக வரும்: 'இது சூசை வீட்டு இடம், அது பட்லர் வீட்டு இடம், வேலி ஓரம் பூராவும் குழந்தைகள்.' ரெக்கார்டரை அனுமதி கேட்டுப் போடுங்கள், நடுவில் பேசாதீர்கள்.

ஆண்டை அவர்கள் கணக்கில் கேளுங்கள். 'தாது வருஷம்' என்று ஒரு பெரியவர் சொன்னால் அது 1876–77. நம் முன்னோர் பெரும்பஞ்சத்தை அந்தப் பெயரால்தான் நினைவு வைத்திருந்தார்கள். விளம்பி என்றால் 1898–99, காளயுக்தி என்றால் 1918–19. அறுபது வருஷச் சுழற்சி என்பதால் ஒரு சுற்று முன்னே பின்னே போய்விடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

எல்லாரையும் ஒரே இடத்தில் பார்க்க வேண்டுமென்றால் நவம்பர் 2, கல்லறைத் திருநாள். வெள்ளையடித்து, சாமந்தி மாலை போட்டு, மெழுகுவர்த்தி ஏற்றி, பாதர் மந்திரிக்க வரும்வரை குடும்பம் குடும்பமாகத் தங்கள் இடத்தில் நிற்பார்கள். ஒசூரிலிருந்தும் கோலார் தங்கவயலிலிருந்தும் வந்து நிற்கிற உறவுகள் அன்றைக்குத்தான் கிடைப்பார்கள். கல்லே இல்லாத ஒரு வெறும் தரையில் யாராவது மெழுகுவர்த்தி வைத்தால் அந்த இடத்தைக் கண்டிப்பாகக் குறித்துக்கொள்ளுங்கள். பெயரை அப்போதே கேட்டுவிடலாம், ஆனால் நேர்காணல் அன்றைக்கு வேண்டாம். போன் நம்பர் வாங்கிக்கொண்டு அடுத்த வாரம் வீட்டுக்குப் போங்கள்.

அளப்பதும் வரைபடமும்

ஜனவரி முதல் மார்ச் வரை நல்ல காலம். புல் காய்ந்திருக்கும், மழை இருக்காது, வெயில் தாழ்வாக விழும். செப்டம்பர், அக்டோபரில் போனால் உண்ணிச்செடியும் பார்த்தீனியமும் இடுப்பு உயரம் நிற்கும், பாம்பும் இருக்கும். முழங்கால்வரை பூட்ஸ் இல்லாமல் யாரையும் இறக்காதீர்கள்.

போன் ஜிபிஎஸ் மூன்று நான்கு மீட்டர் தள்ளிக் காட்டும். கல்லறைக்குக் கல்லறை ஒரு மீட்டர்கூட இடைவெளி இல்லாத தோட்டத்தில் அதை நம்பிப் பிரயோஜனம் இல்லை. முப்பது மீட்டர் டேப், நைலான் கயிறு, மூங்கில் முளை, வரைபடத் தாள். கோயில் சுவர் அல்லது நடுச்சிலுவை மாதிரி நகராத ஒன்றை ஆதாரமாக வைத்துத் தோட்டத்தை ஐந்து மீட்டர் சதுரங்களாகக் கயிறு கட்டிப் பிரியுங்கள். சதுரத்துக்கு ஓர் எழுத்து, கல்லறைக்கு ஓர் எண். கல் இருப்பது, சிமெண்டுச் சிலுவை, வெறும் மேடு, பள்ளம் என்று நாலு அடையாளம். பள்ளத்தை விடவே கூடாது. பெட்டி இற்று மண் உள்வாங்கிய இடம் அது. எண்ணைக் கல்லில் பெயிண்டால் எழுதாதீர்கள், சாக்பீஸும் வேண்டாம். எண் எழுதிய அட்டையை முன்னால் வைத்துப் படம் எடுத்தால் போதும். ட்ரோன் ஆசை எல்லோருக்கும் வரும். பெங்களூரைச் சுற்றி எச்.ஏ.எல்., எலஹங்கா, தேவனஹள்ளி என்று விமானதளங்கள் இருப்பதால் அனுமதி விவகாரம் பெரிது.

திசையைக் கவனியுங்கள். கிறிஸ்தவ மரபில் கால் கிழக்கே, தலை மேற்கே. எழும்போது உதயத்தைப் பார்த்து எழ வேண்டும் என்ற நம்பிக்கை. கிராமத்தில் சரிவுக்கும் பாதைக்கும் ஏற்ப மாறியிருக்கும். ஒரு வரிசை மட்டும் வேறு திசையில் கிடந்தால் தோட்டம் பிற்காலத்தில் விரிந்த பகுதியாக இருக்கலாம்.

தோட்டத்துக்குள் இருக்கும் குட்டிச்சுவர், மேடு, தனி வாசல், ஒதுங்கிய மூலை இவற்றுக்கெல்லாம் காரணம் கேளுங்கள். 1917ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டம் ஞானஸ்நானம் பெறாமல் இறந்தவர்களுக்கும், தெரிந்தே தற்கொலை செய்துகொண்டவர்களுக்கும் மந்திரித்த மண்ணில் இடமில்லை என்றது. 1983 சட்டத்தில் தற்கொலை அந்தப் பட்டியலிலேயே இல்லை. ஞானஸ்நானத்துக்குமுன் இறந்த குழந்தைகளுக்கும் வழி வந்துவிட்டது. ஆகவே வேலி ஓரத்துக் குழந்தைகள் வரிசை என்பது பெரும்பாலும் அந்தப் பழைய சட்டத்தின் தடம். இன்னொரு காரணமும் இருக்கலாம், சாதி. திருச்சி மேலப்புதூர் கல்லறைத் தோட்டத்தில் நடுவே எழுந்த சுவர் ஊரறிந்தது. ஊரிலிருந்து வரும்போது நம்மவர்கள் அதையும் மூட்டையில் கட்டிக்கொண்டுதான் வந்தார்கள். பெரியவர்கள் 'அதெல்லாம் இங்கே இல்லை' என்பார்கள். பதிவேட்டில் இருக்கும் தெருப் பெயரையும் வரைபடத்தையும் சேர்த்துப் பார்த்தால் தெரிந்துவிடும். தெரிந்தால் எழுதுங்கள்.

இடப் பற்றாக்குறையால் ஒரே குழியைத் திறந்து அடுத்தடுத்து அடக்கம் செய்வதும், பழைய எலும்புகளை எலும்புக் கிணற்றில் சேர்ப்பதும் வழக்கம். ஒரு சிலுவைக்குக் கீழே மூன்று தலைமுறை இருக்கலாம். கல்லறை எண்ணிக்கையை ஆள் எண்ணிக்கை என்று எழுதிவிடாதீர்கள்.

இப்போது கல்லுக்கு வரலாம்

பழைய கற்கள் உள்ளூர்ச் சாம்பல் நிறக் கருங்கல். லால்பாக் பாறை எந்த இனமோ அதே இனம்; காலத்துக்கும் கரையாது, ஆனால் கடினம் என்பதால் எழுத்தை ஆழமாக வெட்டியிருக்க மாட்டார்கள். பளிங்கு நேர்மாறு: எழுத்து அழகாக விழும், மழை மெதுவாகக் கரைத்துவிடும். கடப்பா கல் ஏடு ஏடாக உரியும். மொசைக், சிமெண்டு எல்லாம் போன நூற்றாண்டின் பிற்பாதி. பளபளக்கும் கருப்புக் கிரானைட்டில் லேசரால் முகம் பொறித்தது நம் காலம். ஆனால் கல்லின் வயதும் மரணத்தின் வயதும் ஒன்றாகவே இருக்க வேண்டும் என்பதில்லை. பேரன் துபாயிலிருந்து வந்து பூட்டனுக்குப் புதுக்கல் வைத்திருப்பான்.

மங்கின எழுத்தைப் படிக்க வெளிச்சம்தான் மருந்து. காலை ஏழு மணிக்கோ மாலை ஐந்து மணிக்கோ பக்கவாட்டு வெயிலில் பாருங்கள். நிழலில் இருக்கும் கல்லுக்கு ஒரு முகம் பார்க்கும் கண்ணாடியால் வெயிலைத் திருப்பி ஓரத்திலிருந்து அடிக்கலாம். இருட்டிய பிறகு டார்ச்சைக் கல்லோடு ஒட்டிச் சாய்த்துப் பிடித்தால், பகலில் தெரியாத வரி எழுந்து நிற்கும். சுத்தம் செய்ய வெறும் தண்ணீர், மெல்லிய தேங்காய்நார் பிரஷ், மூங்கில் குச்சி. ஆசிட், பிளீச்சிங் பவுடர், கம்பி பிரஷ் மூன்றும் கொலைகாரர்கள். விழுந்து கிடக்கும் கல்லைத் தூக்கி நிறுத்தாதீர்கள். அது விழுந்த இடமே ஒரு சான்று.

தமிழ்க் கல்வெட்டு என்றால் சில விஷயம் தெரிந்திருக்க வேண்டும். பழைய கற்களில் மெய்யெழுத்துக்குப் புள்ளி இருக்காது; 'ர'வும் துணைக்காலும் ஒன்றுபோலத் தெரியும்; 'லை', 'னை' எல்லாம் யானைத் தும்பிக்கை போட்ட பழைய வடிவில் வரும். தமிழ்நாட்டு அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்றது 1978இல். பெங்களூரில் கல் வெட்டுகிறவர் யாருடைய ஆணையையும் பார்த்து வெட்டவில்லை, ஆகவே தும்பிக்கை இருந்தால் 1978க்கு முன் என்று அடித்துச் சொல்லிவிட வேண்டாம். ஆண்டு, மாதம், நாளுக்கு ௵, ௴, ௳ என்ற குறிகள் வரும். எண்ணும் தமிழில் இருந்தால் ௧௮௯௮ என்பது 1898. கிழமை எழுதியிருந்தால் அதிர்ஷ்டம். தேதியில் ஓர் எண் தேய்ந்து 3ஆ 8ஆ என்று தெரியாதபோது, எந்த ஆண்டில் அந்தத் தேதி புதன்கிழமை வந்தது என்று பழைய காலண்டரில் பார்த்துப் பெரும்பாலும் முடிவு செய்துவிடலாம்.

வாசகங்களும் துப்புக் கொடுக்கும். 'கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்' என்றால் பெரும்பாலும் புராட்டஸ்டண்டு வீடு. 'நித்திய இளைப்பாற்றி' என்று வந்தால் கத்தோலிக்கர். ஒரே தோட்டத்தில் ரெண்டும் கலந்து வந்தால் கலப்புத் திருமணமோ, ஒரு காலத்தில் பொதுத் தோட்டமாக இருந்ததோ என்று தேடலாம். தாத்தாவுக்குத் தமிழ்க் கல், அப்பாவுக்கு இங்கிலீஷ், மகனுக்குக் கன்னடம் என்று ஒரே குடும்ப இடத்தில் மூன்று மொழி பார்ப்பதுண்டு. பெங்களூரில் வழிபாட்டு மொழிச் சண்டை எவ்வளவு கசப்பானது என்று நமக்குத் தெரியும். உங்கள் கணக்கெடுப்பை 'யார் முதலில் வந்தார்கள்' என்ற வாதத்துக்கு யாராவது தூக்கிக்கொண்டு போவார்கள். எல்லா மொழிக் கல்லையும் ஒரே அக்கறையோடு பதிந்திருந்தால் அப்போது நீங்கள் பதில் சொல்லத் தயாராக இருப்பீர்கள். கன்னடம் படிக்கத் தெரிந்த ஓர் ஆள் குழுவில் முதல் நாளிலிருந்தே வேண்டும்.

சுபேதார், ஹவில்தார், ரெஜிமெண்டு எண் கண்ணில் பட்டால் தனியாக எழுதுங்கள். மதராஸ் சாப்பர்ஸ் என்ற படைப் பொறியாளர் பிரிவின் தலைமையிடம் இன்றும் உல்சூரில்தான். பென்ஷன் வாங்கிக் கிராமத்தில் நிலம் வாங்கிக் குடியேறிய குடும்பங்கள் உண்டு. முதல் உலகப்போர்க் காலத்தில் (கணக்கில் 1914 ஆகஸ்ட் முதல் 1921 ஆகஸ்ட் வரை), இரண்டாம் போர்க் காலத்தில் (1939 செப்டம்பர் முதல் 1947 டிசம்பர் வரை) பணியில் இறந்தவர் என்றால் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையப் பட்டியலில் தேடலாம். இந்தியா முழுதும் சிதறிய தோட்டங்களில் கிடக்கும் முதல் போர் வீரர்கள் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் பெயர்கள் சென்னை நந்தம்பாக்கம் போர்க் கல்லறை வளாகத்தில் இருக்கும் நினைவுச் சின்னத்தில் இருக்கின்றன. உடல் இங்கே, பெயர் அங்கே என்பது நடக்கக்கூடியதுதான்.

சுற்றுச்சுவரையும் படிக்கட்டையும் ஒருமுறை உற்றுப் பாருங்கள். பெங்களூர் சுற்றுவட்டாரம் முழுக்கப் பழைய நடுகற்களும் கல்வெட்டுகளும், சோழர் காலத் தமிழ்க் கல்வெட்டுகள் உட்பட, கிடக்கின்றன. சுவர் கட்டினவர் கைக்குக் கிடைத்த கல்லை வைத்திருப்பார். வில், வாள், குதிரை மாதிரி புடைப்பு தெரிந்தால் 1909இலிருந்து பெங்களூரில் இயங்கும் வரலாற்று ஆய்வுச் சங்கமான மிதிக் சொசைட்டிக்குச் சொல்லுங்கள்; பெங்களூர்க் கல்வெட்டுகளை முப்பரிமாணத்தில் பதிவு செய்யும் வேலையை அவர்கள் செய்கிறார்கள்.

நிலத் தாள்

சர்ஜாபுரா சாலையில் ஏக்கர் விலை தெரிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. வருவாய்த் துறையின் திஷாங்க் செயலியில் தோட்டத்தில் நின்றபடியே சர்வே எண்ணைப் பார்க்கலாம். அந்த எண்ணுக்குப் பஹணி, அதாவது நில உரிமைப் பதிவுத் தாள், எடுங்கள். அதில் 'பி கராப்' என்று வந்தால் பொது உபயோகத்துக்கு, அதாவது பாதை, சுடுகாடு, இடுகாடு போன்றவற்றுக்கு, ஒதுக்கியது. மறைமாவட்டத்தின் பெயரிலா, ஒரு தனி ஆளின் பெயரிலா, சர்க்கார் பெயரிலா என்பதும் தெரிந்துவிடும். பழைய டிப்பணி என்ற அளவை வரைபடத்தையும் ஆகார்பந்து என்ற நிலப் பரப்பளவுப் பதிவையும் சர்வே அலுவலகத்தில் மனுப் போட்டு வாங்கலாம். பழைய வரைபடத்தின் எல்லையும் இன்றைய வேலியும் ஒத்துப்போகவில்லை என்றால் அதை வரலாற்றுப் புத்தகத்தில் போடுவதற்கு முன் பாதரிடம் சொல்லுங்கள். அது வக்கீல் பார்க்க வேண்டிய விஷயம். கூகுள் எர்த்தில் பழைய செயற்கைக்கோள் படங்களைப் பின்னோக்கி நகர்த்திப் பார்த்தால் கடைசி இருபது வருஷத்தில் வேலி எங்கே நகர்ந்தது என்று கண்ணாலேயே தெரியும்.

தூரத்துக் காப்பகங்கள்

பாரிஸ் வேதபோதக சபைக் குரு ஒருவரின் கல்லோ கையெழுத்தோ கிடைத்தால், அந்தச் சபையின் ஆய்வு நிறுவனம் இர்ஃபா இணையத்தில் ஒவ்வொரு குருவின் வாழ்க்கைக் குறிப்பையும் வைத்திருக்கிறது. பிரெஞ்சுதான், மொழிபெயர்ப்புச் செயலி போதும். ஆண்டறிக்கைகளில் கிராமத்தின் பெயர் வந்தாலும் வரும். ஐரோப்பியர், ஆங்கிலோ இந்தியர் அடக்கங்கள் என்றால் பிரிட்டிஷ் நூலகத்தின் இந்தியா அலுவலக ஆவணங்களில் 'என் 2' என்ற மதராஸ் திருச்சபைப் பதிவு வரிசை. ஒயிட்ஃபீல்டு பக்கத்துத் தோட்டமாக இருந்தால் இது கட்டாயம். அந்த ஊரே 1882இல் ஆங்கிலோ இந்தியர் குடியிருப்பாகத் தொடங்கியது. தெற்காசியக் கல்லறைகளுக்காக 1976இல் லண்டனில் தொடங்கிய பாக்ஸா சங்கமும் இருக்கிறது. இவர்கள் எல்லாரும் வெள்ளைக்காரக் கல்லுக்குத்தான் பட்டியல் போட்டார்கள், நம் பாட்டன்மார்களை அங்கே தேடிப் பயனில்லை. மைசூர் அரசு, தண்டு நிர்வாகம் இரண்டின் கோப்புகளுக்கும் கர்நாடக மாநில ஆவணக் காப்பகம்.

எண்களைப் பேசவைப்பது

பதிவேடு முழுதும் தட்டச்சானதும், ஆண்டுவாரியாக எத்தனை மரணம் என்று ஒரு கோடு வரையுங்கள். கோடு எங்கே குதிக்கிறதோ அங்கே கதை. மூன்று இடத்தை முதலில் பாருங்கள்.

1876–78 பஞ்சம். மைசூர் நாட்டில் 1871 கணக்கெடுப்பில் 50 லட்சத்துக்குச் சற்று மேல் இருந்த மக்கள்தொகை 1881இல் 42 லட்சத்துக்கும் கீழே போனது. பதிவேட்டில் குழந்தைகளும் 'ஊர் தெரியாதவர்', 'வழிப்போக்கர்' என்ற பதிவுகளும் கூடியிருக்கிறதா என்று பாருங்கள். ஞானஸ்நானப் புத்தகத்தையும் சேர்த்துப் படிக்க வேண்டிய காலம் இது: சாகும் தறுவாயில் ஞானஸ்நானம் பெற்று அன்றே அடக்கமானவர்கள் ரெண்டு புத்தகத்திலும் ஒரே வாரத்தில் வருவார்கள்.

1898 ஆகஸ்டில் பெங்களூரில் பிளேக். நகரத்தை விட்டு ஜனங்கள் வெளியே ஓடினார்கள். அந்த ஆண்டும் அடுத்த ஆண்டும் உங்கள் கிராமப் புத்தகத்தில் பிளாக்பள்ளி (இன்றைய சிவாஜிநகர்), உல்சூர் ஆட்களின் பெயர் வந்தால் காரணம் இதுவாக இருக்கலாம். நகரத்தில் பிளேக் மாரியம்மனுக்குக் கோயில் எழுந்த அதே பயத்தில், கிராமங்களில் செபஸ்தியார் குருசடி எழுந்திருக்கிறதா என்று விசாரியுங்கள். கொள்ளைநோய்க்கு அவர்தான் பாதுகாவலர்.

1918இன் கடைசி மாதங்கள், இன்ஃபுளுயன்சா. இதில் இறந்தவர்கள் கிழவர்களும் குழந்தைகளும் மட்டுமல்ல, இருபதிலிருந்து நாற்பது வயதுக்காரர்களும். வயதுப் பத்தியை வடிகட்டிப் பார்த்தால் தனித்துத் தெரியும்.

பிறகு கடைசிக் கணக்கு ஒன்று: புத்தகத்தில் எத்தனை பேர், தரையில் எத்தனை பெயர். 1963 வரை கத்தோலிக்கருக்கு எரியூட்ட அனுமதி இல்லை என்பதால், அதுவரை பதிவானவர்களில் வேறு ஊரில் அடக்கமானதாக எழுதப்பட்டவர்களைக் கழித்தால் மிச்சம் எல்லாரும் இந்த மண்ணில்தான். இந்த ரெண்டு எண்ணையும் உங்கள் புத்தகத்தின் முதல் பக்கத்திலேயே போடுங்கள்.

எழுதும்போது

கல் உள்ளவர்களின் வாழ்க்கைக் குறிப்புகளை வரிசையாக அடுக்கிவிட்டுக் கடைசியில் 'மற்றும் பலர்' என்று முடிக்கும் புத்தகம் நிறைய வந்துவிட்டது. கல் இருந்தாலும் இல்லாவிட்டாலும் எல்லாப் பெயரும் ஒரே அகரவரிசையில், ஒரே எழுத்தளவில் வரட்டும். 'இன்னாருடைய மனைவி' என்று மட்டும் பதிவான பெண்ணின் பெயரைத் திருமணப் புத்தகத்தில் தேடி எடுத்துப் போடுங்கள். கொஞ்சம் மெனக்கெட்டால் பலருக்குக் கிடைத்துவிடும்.

சமீப காலத்து மரணங்களில் நிதானம் வேண்டும். இறந்த காரணம், சட்டப்படி யார் பிள்ளை, எந்த மூலையில் ஏன் அடக்கம் என்பதெல்லாம் உயிரோடு இருப்பவர்களைக் காயப்படுத்தும். கடைசி ஐம்பது வருஷத்துக்குப் பெயரும் ஆண்டும் மட்டும் என்று ஒரு வரம்பு வைத்துக்கொள்ளலாம், குடும்பம் கேட்டால் கூடுதலாகச் சேர்க்கலாம். அச்சுக்குப் போகுமுன் பட்டியலைக் கோயில் வாசலில் ஒரு மாதம் ஒட்டிவையுங்கள். திருத்தம் சொல்ல ஒரு நோட்டையும் பென்சிலையும் கயிற்றில் கட்டித் தொங்கவிடுங்கள். பாதி எழுத்துப்பிழை அங்கேயே தீர்ந்துவிடும்.

புத்தகம் தமிழிலும் கன்னடத்திலும் வர வேண்டும். பங்கில் ரெண்டு பிரதி, பேராயர் இல்லத்துக்கோ சி.எஸ்.ஐ. மறைமண்டல அலுவலகத்துக்கோ ஒன்று, மிதிக் சொசைட்டி நூலகத்துக்கு ஒன்று, குழிவெட்டுகிறவர் வீட்டுக்கு ஒன்று. எக்செல் கோப்பையும் படங்களையும் பென்டிரைவில் போட்டு மேற்படி எல்லா இடத்துக்கும் கொடுங்கள். வரைபடத்தின் பெரிய அச்சை லேமினேட் செய்து கோயில் அலுவலகச் சுவரில் மாட்டுங்கள். புதுக் குழி வெட்டும்போதெல்லாம் அதில் எண் போட யாராவது ஒருவரைப் பேரவை நியமிக்கட்டும்.